இருமல் நின்ற பிறகு

கள்ளக்குறிச்சி,
ஞாயிறு மாலை.

அன்பு விஜிக்கு ராஜாங்கம் எழுதுவது. கடிதத்தைக் கண்டதும் கலவரப்படாதே. இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நம் தர்ஷினி சேலம் ஹாஸ்டலில் பரீட்சைக்குப் படிக்கிறாள். படிக்கிறேன் என்று அவள் சொல்கிறாள், நானும் நம்புகிறேன். எதிர்வீட்டுத் தங்கதுரை லீவு முடிந்து புதன்கிழமை மஸ்கட் திரும்புகிறான். அவன் பெட்டியில் கெஞ்சி இடம் வாங்கி உனக்குக் கறிவேப்பிலைப் பொடியும் இரண்டு நைட்டியும் வைத்திருக்கிறேன். நிறம் உனக்குப் பிடிக்காது என்று தெரியும். கடையில் நிற்கும்போது எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தது. திட்டிக்கொண்டே போட்டுக்கொள்.

போன வாரம் போனில் ஒன்று கேட்டாய். ஆஸ்பத்திரி ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவா வேண்டாமா என்று. “உன் இஷ்டம், எனக்கு ஒன்றுமில்லை” என்று சொன்னேன். அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் நான் எதையும் நேராகச் சொல்லி முடிக்கிற ஆள் இல்லை, அது உனக்குத் தெரியும். இந்தப் பஸ் எல்லா ஊரிலும் நின்றுதான் வரும், பொறுத்துக்கொள்.

என்னை வாத்தியார் ஆக்கிவிட்டார்கள். சிரிக்காதே. கொடுத்த மருந்தே ஒருத்தர் உடம்பைக் கெடுத்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி எழுதி மேலே அனுப்புவது என்று மற்ற ஆஸ்பத்திரி மருந்தாளுநர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டுச் சொல்லித்தந்தார்கள், நான் அதைக் கல்வராயன் மலைக்குச் சுமந்துகொண்டு போனேன். நோயாளி பக்கத்திலேயே நிற்கிற நர்ஸ் நீ, உனக்கு இதெல்லாம் பழக்கம். நாங்கள் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து, வெளியே நீளும் கையை மட்டும் பார்த்து மாத்திரை கொடுத்தே காலத்தை ஓட்டியவர்கள்.

மலையில் அன்றைக்கு மழை. கரண்ட் போய்விட்டது. வந்திருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பயம். எழுதி அனுப்பினால் டாக்டர் மேல் புகார் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா என்று. பின்வரிசையிலிருந்து தனசேகரன் என்று ஒருவர் எழுந்து, “நம்ம பேரப் போட்டு எழுதினா நாளிக்கி நம்மளயே இன்னா ஏதுன்னு புடிச்சிக்க மாட்டாங்களா சார்?” என்று கேட்டேவிட்டார். இது புகார் இல்லை என்றேன். டாக்டர் சரியாகத்தான் எழுதினார், நீங்கள் சரியாகத்தான் கொடுத்தீர்கள், அந்த மனுஷியும் சரியாகத்தான் சாப்பிட்டாள். அப்படியும் சேராமல் போகலாம், அதில் யார் தப்பும் இல்லை. நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் இருந்தாலே எழுதலாம் என்றேன். இவ்வளவு நன்றாக நான் பேசி நீ கேட்டதே இல்லை.

இன்னொன்றும் சொன்னேன். மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் நம் ஜனங்கள் ஒத்துக்கிச்சுங்க என்றுதான் சொல்வார்கள். இல்லை என்றால் நமக்கு மனசு கஷ்டப்படும், அல்லது மாத்திரையே கொடுக்காமல் அனுப்பிவிடுவோம் என்று நினைப்பார்கள். தூக்கம் எப்படி, வேலை எப்படி என்று சுற்றிவளைத்துக் கேளுங்கள் என்றேன்.

அங்கே எழில்மதி என்று ஒரு பெண், மலை ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தாளுநர், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பயிற்சி முடிந்த மறு வாரம் எனக்குப் போன். காசியம்மாள் என்று ஒருத்தி, தர்ஷினி வயதில் மகனை வைத்திருப்பவள், கரும்பு வெட்டப் போகிறவள். பிரஷர் மாத்திரை வாங்குகிறாள். மாத்திரை நல்லா சேருதுங்க என்றாளாம். தூக்கம் எப்படி என்று கேட்டதும், “படுத்தா இருமலுங்க. வெடிய வெடிய குந்திக்கினே கெடக்கறேன்” என்றாளாம். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் பார்த்தாயிற்று, டிபி இல்லை. ஆனால் ஊர் டிபி என்று முடிவு கட்டிவிட்டது. பரிசோதனைத் தாளையா ஊர் படிக்கப் போகிறது? கரும்பு வெட்டும் கும்பல் வயலோரம் ஓலைக் கொட்டாய்கள் போட்டு நெருக்கியடித்துப் படுப்பது வழக்கம். அவளைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டிலும் தட்டைத் தனியாக வைத்துவிட்டார்களாம்.

மாத்திரை எப்போது ஆரம்பித்தாள், இருமல் எப்போது வந்தது என்று கேட்டேன். மாத்திரைக்குப் பிறகுதான் இருமல். என்ன மாத்திரை என்று உனக்குச் சொல்ல வேண்டாம், எனலாப்ரில்தான். அது சிலரை இப்படி இரும வைக்கும் என்பது நாம் எல்லோரும் படித்ததுதான். படித்தது ஒரு பக்கம், ஜன்னலுக்கு வெளியே இருமல் ஒரு பக்கம், இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு கேள்வி வேண்டியிருக்கிறது. “டாக்டரு கோச்சிக்கினா இன்னா சார் பண்றது?” என்று பயந்துகொண்டேதான் எழில்மதி போய்ச் சொன்னாள். டாக்டர் தலையில் தட்டிக்கொண்டு அப்போதே மாத்திரையை மாற்றிவிட்டார். எழில்மதி அறிக்கையும் எழுதினாள். ஆனால் மாத்திரை மாறிய பிறகு இருமல் நின்றதா என்று அதில் எழுத வழியில்லை. அடுத்த முறை மாத்திரை வாங்கக் காசியம்மாள் வரவே இல்லை. அவள் மாத்திரையையே நிறுத்திவிட்டாளோ என்று அங்கே இங்கே விசாரித்தேன்.

மணலூர்பேட்டைப் பக்கம் மலைக் கும்பல் ஒன்று மில்லுக்குக் கரும்பு வெட்டுகிறது என்று கேள்விப்பட்டு, இன்று காலையில் உன் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல். அங்கேதான் இருந்தாள். மாத்திரை மாறி, இருமல் அடியோடு நின்றுவிட்டது. வெட்டுக்கு ஆள் பற்றாததால் கும்பலும் கூட்டிவந்திருக்கிறது. பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே அதே புது மாத்திரையை வாங்கிக்கொள்கிறாள். அட்டையை வாங்கிப் பார்த்தேன், சரிதான். எனக்கு ஒரே சந்தோஷம். எழில்மதிக்கு உடனே போன் போட்டு, குணமாகிவிட்டாள் என்று எழுதிக்கொள் என்று சொல்லத்தான் போனை எடுத்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். கொட்டாய் எல்லாம் வாய்க்கால் ஓரம் வரிசையாக இருக்கிறது, இவளுடையது மட்டும் தள்ளிப் போய் வேலமரத்தடியில். தண்ணீர்க் குடம் தனி, அடுப்பு தனி. இருமல்தான் நின்றுவிட்டதே என்று கேட்டேன். “நின்னுதான் போச்சிங்க. அவங்களுக்குப் பழகிப்போச்சி” என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை விஜி, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மேஸ்திரி வேடியப்பனிடம் போய், அது நோயே இல்லை, மாத்திரை செய்த வேலை என்று பாடம் நடத்தினேன். சார் சொன்னா சரிங்க என்று தலையாட்டினார். ஒருவரும் ஓர் அடி நகரவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் கிளம்பியிருக்க வேண்டும். என்ன தோன்றியதோ, காசியம்மாளின் அடுப்புப் பக்கம் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்து, எனக்கும் சோறு போடம்மா என்றேன். அவளிடம் இருந்தது ஒரே தட்டு. அதில் எனக்குக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டுவிட்டு, அவள் சட்டி மூடியில் போட்டுக்கொண்டாள். அவள் குடத்துத் தண்ணீரையே குடித்தேன். கும்பல் மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் பாட்டுக்குச் சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வேடியப்பன் சம்சாரம் மட்டும் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, “குழம்பு கம்மியா இருக்குதா அக்கா?” என்று கேட்டுக்கொண்டே எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். காசியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று பேரும் சாப்பிட்டு முடித்தோம். வேறு ஒருவரும் வரவில்லை.

திரும்பி வரும் வழியில் எலவனாசூர்கோட்டை தாண்டி வண்டியை ஓரம் கட்டிவிட்டு நின்றேன். அழுதேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். காசியம்மாளுக்காக என்று முதலில் நினைத்தேன். இல்லை. தர்ஷினி போன லீவுக்கு வந்து போன பிறகு, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிட்டது இன்றைக்குத்தான். வீட்டில் நான் தட்டே எடுப்பதில்லை விஜி. அடுப்பு மேடையில் நின்றுகொண்டே பாத்திரத்திலிருந்து தின்றுவிட்டு, அதைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறேன். டிவியை யாரும் பார்க்காவிட்டாலும் ஓடவிடுகிறேன். இதை உன்னிடம் சொன்னால் உன் மேல் குற்றம் சொன்ன மாதிரி ஆகுமோ என்று பயந்தேன். மலையில் கரண்ட் இல்லாத ஹாலில் அவ்வளவு பேருக்கு, சொல்வது புகார் ஆகாது என்று புரியவைத்த பெரிய மனுஷன் நான்.

நீ போனதும் சரிதான், நான் அனுப்பியதும் சரிதான். நாம் இரண்டு பேருமே தப்பு செய்யவில்லை. அப்படியும் இது எனக்குச் சேரவில்லை. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உனக்கு அங்கே எப்படி என்று எனக்குத் தெரியாது. நல்லா இருக்கேன் என்றுதான் நீயும் சொல்கிறாய். அதனால் அப்படிக் கேட்கப் போவதில்லை. டூட்டி முடிந்து ரூமுக்கு வந்த பிறகு, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய்? அதை மட்டும் எனக்கு எழுது. துணைக்கு ஆள் இருந்தால், மனசு நிறைந்திருந்தால், கையெழுத்துப் போடு. மனசாரத்தான் சொல்கிறேன், உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். தனியாகத்தான் என்றால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடு விஜி.

உன்
ராஜாங்கம்