எஞ்சின் விளக்கும் என் அண்ணனும்

என் அண்ணா, அம்மாவின் ஒரே செல்லமே,

உனக்குப் பிடிக்காத செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வெள்ளைக் காரில் எரிந்துகொண்டே இருந்த அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு அணைந்துவிட்டது. நீ இல்லாமலே அணைந்துவிட்டது. அணைத்தது நான்.

செத்துப்போன அண்ணனோடு யாராவது போட்டி போடுவார்களா என்று கேட்பாய். நான் போடுவேன். உயிரோடு இருந்தபோது நீ என்னை ஒரு தடவையாவது ஜெயிக்கவிட்டாயா?

வண்டூரிலிருந்து போர்ட் பிளேருக்கு வருஷம் முழுக்க அந்தக் காரை ஓட்டியவள் நான். ஆயில் மாற்றியதும் நான், டயர் மாற்றியதும் நான். நீ தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில் வேலை பார்த்தாய். லீவு கிடைத்து, கப்பலும் கிடைத்தால் வருவாய். வந்த மறுநாள் காலையில் பானெட்டைத் திறந்துவிட்டு, "மாலா, உள்ள போயி ஒரு டீ போடு" என்பாய். டீயோடு நான் திரும்புவதற்குள், மாதக்கணக்காக எரிந்த விளக்கு அணைந்திருக்கும்.

அம்மாவுக்குத் தலைகால் புரியாது. "எம்புள்ள கைய வெச்சாப் போதும், ஏக்தம் டீக், எல்லாம் சரியாயிருது" என்று பக்கத்து வீட்டு பெங்காலிக்காரர்கள் வரைக்கும் சொல்லிவிட்டு வருவாள். நீ கப்பல் ஏறிய சில நாட்களில் விளக்கு மறுபடி எரியும். அதற்கும் பெருமை உனக்குத்தான். "பாரு, அவன் போனதும் வண்டிக்கே ஏக்கம் வந்துருச்சு." எனக்கு வயிறு எரியும் அண்ணா. சும்மா சொல்லவில்லை, அன்றைக்குச் சோறு இறங்காது.

அங்கே உனக்கு மாரடைப்பு வந்து, எங்களுக்குச் செய்தி மட்டும் வந்த பிறகு, அம்மா அந்தக் காரில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். "அத அணைக்கிற ஆளு போயிட்டான். எரியுற விளக்கப் பாத்துக்கிட்டு என்னால உக்கார முடியாது." முட்டி வலியோடு கவர்மென்ட் பஸ்ஸில் நின்றுகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே காலிக் காரை ஓட்டிக்கொண்டு நான் போயிருக்கிறேன். தெரியுமா உனக்கு?

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த விளக்கு அணைய வேண்டும். அது மாலா செய்த வேலை என்று அம்மா வாயால் ஒரு தடவை வர வேண்டும்.

நம் தீவில் வண்டிக்கு என்ன நோவு வந்தாலும் ஒரே மருந்துதானே? மெயின்லேண்டிலிருந்து பார்ட் வரட்டும் என்பார்கள். புகைக்குழாயில் இருக்கிற சென்சார் போய்விட்டது என்றார்கள். கப்பலில் புதுசு வந்தது, மாட்டினோம். விளக்கு பல்லை இளித்துக்கொண்டு எரிந்தது.

பிறகு ஒரு நாள் பேட்டரி செத்தது. புதிதாக மாட்டிச் சாவியைத் திருப்பினால், விளக்கைக் காணோம்! டேஷ்போர்டு கடிகாரம் பன்னிரண்டு காட்டியது. நீ வந்துபோகும்போதெல்லாம் அது பன்னிரண்டு காட்டும். பாட்டு வைக்கும்போது எதையோ அமுக்கிவிட்டாய் என்று திட்டிக்கொண்டே நான்தான் மணியைச் சரிசெய்வேன்.

அடத் திருடா! பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டியிருக்கிறாய். வண்டிக்கு எல்லாம் மறந்துபோகும், விளக்கு அணையும். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். இவ்வளவுதானா உன் கைராசி? தனியாக நின்று சத்தம்போட்டுச் சிரித்தேன். எதிர்பார்த்தபடியே சில நாட்களில் விளக்கு மறுபடி எரிந்தது.

இந்தத் தடவை வண்டிக்கு அடியில் படுத்து, சென்சார் ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்புக் கம்பி பச்சைப் பொடியாக உதிர்ந்தது. உப்பு. எங்கே ஏறியது என்று யோசிக்கவே தேவையில்லை. சுனாமியில் நிலம் தாழ்ந்த பிறகு, கடல் ஏறினால் நம் வழியில் இருக்கிற சிப்பிகாட் ரோடு முங்கிவிடும், தண்ணீர் வடியட்டும் என்று ஊரே வண்டியை நிறுத்திக் காத்திருக்கும். கப்பல்துறையில் உன்னை அழைக்க வந்த என்னிடமிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு, "அரே, அம்மா சோறாக்கி வெச்சிருக்கும்டி" என்று நீ மட்டும் உப்புத் தண்ணீருக்குள் இறக்குவாய்.

கெடுத்ததும் நீ, பெயர் வாங்கியதும் நீ. இது எந்த ஊர் நியாயம்?

கெட்ட துண்டை வெட்டிவிட்டுப் புது ஒயர் இணைத்தேன். பேட்டரியைத் தொடவில்லை. தினமும் ஓட்டினேன். ஒரு காலையில் விளக்கு தானாகவே அணைந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

குனிந்து டேஷ்போர்டைப் பார்த்தாள். 'பெரியவன் மேல இருந்து அணைச்சிட்டான்' என்று சொல்லப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"மணி சரியாத்தான காட்டுது. அப்ப இது ஒன் வேலதான்" என்றாள்.

நானும் குனிந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அவன் பண்ணுனா பன்னெண்டுல்ல காட்டும்? ஒன்னய டீ போட அனுப்பிட்டு அவன் ஒயரப் புடுங்குறத ஜன்னல்ல பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"தெரிஞ்சுக்கிட்டேவா ஊரெல்லாம் பெருமையடிச்ச?"

"லீவுல வர்ற புள்ள. அவன் வந்ததால வீட்டுல ஒரு காரியம் ஆச்சுன்னு அவனுக்கு இருக்க வேணாமா? நீ இங்கயே இருக்கறவ." ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். "சலோ, எடு வண்டிய."

கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை அண்ணா. உனக்காக இத்தனை வருஷம் அம்மா வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறாள். எனக்காக ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

அன்றைக்கு சிப்பிகாட்டில் ரோட்டின் மேல் தண்ணீர் நின்றது. வண்டியை ஓரம் கட்டினேன். அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவன் நின்னிருக்க மாட்டான்" என்றாள். பிறகு தண்ணீர் வடியும்வரை உன்னைப் பற்றியே பேசினாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி இந்த வண்டியில் உப்பு ஏறாது. கடல் ஏறும்போதெல்லாம் நான் நிறுத்துவேன். அம்மா உன் கதையைத் தொடங்குவாள். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் தண்ணீர் முழுக்க வடிகிறவரை, எஞ்சினை அணைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இங்கேயே இருக்கிறவள்,
உன் தங்கச்சி மாலா