நிறுத்தத்தை நிறுத்தாதே

6 ஜனவரி 1972, வியாழன்

காலை வண்டி இன்றும் தாமதம். பொழுது போகாமல், 'பூவத்தடி' என்ற பெயர்ப்பலகையின் கீழே சாக்கட்டியால், "இங்கே ரயில் கொஞ்ச நேரம் நிற்கும். பயணிகள் ரொம்ப நேரம் நிற்பார்கள்" என்று எழுதினேன். எழுதிவிட்டு, ஒன்றும் அறியாதவளாக வரலாற்றுப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டேன்.

டிக்கெட் கொடுக்கும் லியாகத் அலி பாய் வந்து பார்த்தார். தோள் துண்டால் பலகையைத் துடைத்தார்.

"ஏம்மா அம்சம், புத்தகத்தத் தலைகீழா வச்சுப் படிக்கிறியே, பள்ளிக்கூடத்துல இப்படித்தான் சொல்லித் தர்றாங்களா?"

மாட்டிக்கொண்டேன். ஆனால் பாய் வழக்கம்போல் திட்டவில்லை. "எழுதிக்க, எழுதிக்க. இருக்கப்போறது கொஞ்ச நாள்தான்" என்றார்.

அப்புறம்தான் விஷயமே வந்தது. பூவத்தடியில் போதிய ஆள் ஏறுவதில்லையாம். இருபத்து நாலாம் தேதி ஓர் அதிகாரி வந்து, காலை வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணுவாராம். தலை குறைந்தால் சித்திரையோடு மூடிவிடுவார்களாம். நிறுத்தத்தையே நிறுத்தப் போகிறார்கள்!

ஊரில் ஆளா இல்லை? பண்ணைத் தெருவுக்குக் கார். எங்கள் தெருவுக்குக் கால். நடுவில் ரயில் யாருக்கு?

எனக்கு. அதுதான் சங்கடம். ராத்திரி அப்பாவிடம் சொன்னபோது, கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்தார்.

"ரயிலு போச்சுன்னா பரீட்சையோட சரி பாப்பா. காலேஜு கீலேஜுல்லாம் கெடையாது. அறுப்புக் கூலித் தகராறுல வயலுக்கு வயல் போலீஸு நிக்கிது. அந்த வழியா ரயிலு பிடிக்கக் கீழ்வேளூருக்கு உன்னைய நடக்க விடமாட்டேன்."

அப்பா விவசாயக் கூலிச் சங்கத்துக்காரர். மிரட்டிப் பேசினால் மாற்றிவிடலாம். இப்படி மெதுவாகப் பேசினால் மாற்ற முடியாது.

7 ஜனவரி

பிரகதாம்பாளிடம் ரயிலில் சொன்னேன். பண்ணை தியாகேசனின் மகள், என் வகுப்பு. பிளஷர் கார் அவள் அப்பாவுக்கும் அண்ணனுக்கும். பெண்ணுக்கு ரயில் போதுமாம். ஊருக்குள் அவளும் நானும் பேசிக்கொள்வதில்லை. தெரு வேறு, பாதை வேறு. வண்டி நகர்ந்ததும் ஆரம்பித்தால் திருவாரூர் வரை வாய் மூடாது.

"ரயிலும் போயிட்டா நாம எங்கடி பேசிக்கிறது?" என்றாள்.

அது எனக்குத் தோன்றவே இல்லை.

16 ஜனவரி, ஞாயிறு

ஊர் விழித்துக்கொண்டது! பண்ணைத் தெரு அதிகாரிக்கு நாகஸ்வரம் ஏற்பாடு செய்கிறதாம். கேள்விப்பட்டதும் எங்கள் தெரு மைக் செட்டுக்கு ஆள் அனுப்பியது. அவர்கள் ரோஜா மாலை என்றதும் நாங்கள் சால்வை என்றோம். கூலிக்குப் போடும் சண்டையை இப்போது கும்பிடுக்கும் போடுகிறார்கள்.

வரவேற்புரை நான்தான். அடுக்குமொழியில் வேண்டுமாம். அடுக்குகிறேன், பாத்திரம் மாதிரி.

24 ஜனவரி, திங்கள்

எப்படி எழுதுவது? சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

ஊரே வந்திருந்தது. குழந்தை குட்டி, நடக்க முடியாதவர்கள்கூட. அதிகாரி முருகையன் இறங்கினார். மேளம் முழங்கியது. பண்ணை மாலை போட்டார், அப்பா சால்வை போர்த்தினார், பண்ணை இன்னொரு மாலை போட்டார், அப்பா சளைப்பாரா? அதிகாரியின் முகமே தெரியவில்லை. அவர் ஏதோ சொன்னார். பூவுக்குள்ளிருந்து சத்தம் வெளியே வரவில்லை.

நான் மைக்கைப் பிடித்தேன். "தண்டவாளத்தின் தங்கமே! தடம் புரளாத சிங்கமே! பூவத்தடிக்கு வந்த பொன்னடியே!" கைதட்டல் காதைப் பிளந்தது. உற்சாகத்தில் எழுதி வைக்காத இரண்டு பத்தியையும் சேர்த்துப் பேசினேன். பின்னால் ஊ என்று ஒரு சத்தம். அதையும் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு கும்பிட்டேன்.

திரும்பினால் ரயில் இல்லை.

மாலை ஏறியது, சால்வை ஏறியது, மைக்கில் நான் ஏறினேன். ரயிலில் மட்டும் ஒருவரும் ஏறவில்லை. அதே வண்டியில் திரும்ப ஏற வேண்டிய அதிகாரியையும் நாங்கள் ஏற விடவில்லை.

அவரைப் பண்ணையின் மாட்டு வண்டியில் கீழ்வேளூருக்கு அனுப்பினோம். காருக்குள் மாலைகளோடு நுழைய முடியவில்லை, கழற்றவும் யாரும் விடவில்லை. வண்டியிலிருந்து கழுத்தை நீட்டி, "இன்னொரு தடவை வருவேன். என்னைக்குன்னு சொல்ல மாட்டேன். சொன்னா மேளம் அடிப்பீங்க" என்றார்.

25 ஜனவரி

அப்பா காலையிலிருந்து எல்லாவற்றையும் முறைக்கிறார். சால்வை மேல் கோபமா, என் மேலா?

30 ஜனவரி, ஞாயிறு

மதகடியில் கூட்டம். பண்ணைத் தெரு அந்தக் கரையில், நாங்கள் இந்தக் கரையில், நடுவில் வாய்க்கால். அப்பா எழுந்து நின்றார்.

"அவரு என்னைக்கு வருவாருன்னு தெரியாது. அப்ப தெனம் ஆள் ஏறணும். வாய்க்கால் தண்ணிக்கு முறை வச்சுப் பாச்சல? அதுமாதிரி ரயிலுக்கும் முறை வைங்க. ஒருநாள் ஒரு தெரு. சோலி இருக்கோ இல்லையோ, டிக்கெட்டு எடுத்து ஏறணும்."

பண்ணைகூடத் தலையாட்டினார். உடனே கடைமடைத் தெரு செல்லதுரை மாமா துள்ளி எழுந்தார்.

"மொத முறை யாருக்கு? தலைமடைக்கா? தண்ணியும் எங்களுக்குக் கடைசி, ரயிலும் கடைசியா?"

"யோவ், ரயிலு வத்திப் போவாதுய்யா!" என்றது எதிர்க்கரை.

"அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எங்க வயலக் காயப் போட்டீங்க!"

ஒரு மணி நேரம். கடைசியில் பண்ணை, "முதல் நாள் கடைமடைக்கே விட்டுத் தொலைங்கய்யா" என்றார். பூவத்தடி வரலாற்றில் கடைமடைக்கு முதல் முறை கிடைத்தது இன்றுதான். மாமா மீசையைத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

4 பிப்ரவரி, வெள்ளி

முறை நடக்கிறது! ரெங்கம்மாள் அத்தை திருவாரூர் போய், அடுத்த வண்டியிலேயே திரும்பிவிட்டாள்.

"என்ன பாத்தீங்க அத்தை?"

"ஸ்டேசன் கொழாயில தண்ணி நல்லா வருதுடி. முன்னமே தெரிஞ்சிருந்தா கொடத்த எடுத்துட்டுப் போயிருப்பேன்."

அதிகாரி மாறுவேடத்தில் வரலாம் என்று நான் சும்மா ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். அவ்வளவுதான். நேற்று காலை வண்டியில் வந்து இறங்கிய வளையல்காரருக்கு ஸ்டேஷனிலேயே மூன்று இளநீர். "ஐயா எங்க ஸ்டேசனுக்கு ஒரு கூரை போட்டுத் தரணும், சாயங்காலம் இன்னொரு வண்டியும் விடணும்" என்று மனு வேறு கொடுத்திருக்கிறார்கள். அவர் வாங்கி வளையல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, பார்க்கிறேன் என்றாராம். நல்ல மனிதர்.

8 பிப்ரவரி, செவ்வாய்

எல்லாம் போச்சு. சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டது. களத்தில் நெல் கிடக்கிறது, அறுக்காத வயல் தலை சாய்ந்து கிடக்கிறது. கூலி இல்லை, டிக்கெட்டுக்குக் காசு ஏது? கூலிக்காரன் ஏறாத வண்டியில் நான் மட்டும் ஏன் ஏறணும் என்று பண்ணைத் தெருவும் வீட்டோடு இருக்கிறது. இன்று ஏறியது நானும் பிரகதாவும்தான்.

ஏன்ப்பா, ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா? கேட்டே விட்டேன். "எங்க வயித்தையும் பொறுக்கச் சொல்லு பாப்பா" என்றார். அவரு சொல்றதும் நெசந்தானே. என் படிப்பும் நெசந்தானே. அழுதேன். யாருக்கும் தெரியாது, இந்தப் பக்கத்துக்கு மட்டும் தெரியும்.

14 பிப்ரவரி, திங்கள்

நாளை திருவாரூரில் கூலிப் பேச்சுவார்த்தை. இரண்டு தரப்பும் போக வேண்டும். பண்ணைக்குக் கார் இருக்கிறது. எங்கள் தெரு விடிவதற்கு முன்பே நடக்கத் தீர்மானித்திருக்கிறது.

ரயிலில் பிரகதாவும் நானும் ஒரு சின்னக் கைங்கரியம் செய்ய முடிவெடுத்தோம்.

அவள் அவள் அப்பாவிடம்: "கூலிக்காரங்க முன்னாடி ஒரே பெட்டியில உக்காரப் பண்ணைக்குப் பயம்னு சங்கத்துல பேசிக்கிறாங்களாம்ப்பா."

நான் என் அப்பாவிடம்: "சங்கத்துக்கு ரயிலேறத் துப்பில்ல, நடந்துதான் வருவானுங்கன்னு பண்ணையில சிரிக்கிறாங்களாம்ப்பா."

இரண்டும் பச்சைப் பொய். அப்பா உடனே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சங்கத்துக்குப் போனார். உண்டியலை உடைக்கிறார்களாம்.

15 பிப்ரவரி, செவ்வாய்

லியாகத் பாயிடம் டிக்கெட் தீர்ந்துவிட்டது! "இருபது வருசத்துல இதுதாம்மா மொத தடவ" என்று வெறும் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். மிச்சப் பேருக்குத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

ஒரே பெட்டி. இந்தப் பலகையில் அப்பா, எதிர்ப் பலகையில் பண்ணை. வண்டி கிளம்புவதற்கு முன்பே பேச்சுவார்த்தை கிளம்பிவிட்டது. பண்ணைதான் முதலில் அப்பாவைச் சீண்டினார்.

"ஏய்யா இராஜாங்கம், எல்லாரும் ரயில்ல ஏறி உக்காந்துட்டா நெல்லு தானா களத்துக்கு நடந்து வருமா?"

"உங்க பிளஷரு களத்துலதானே சும்மா நிக்கிது. அத விட்டு அறுக்கச் சொல்லுங்க!"

பெட்டி முழுக்கச் சிரிப்பு. பண்ணைத் தெரு ஆட்களும் சிரித்தார்கள், பண்ணை பார்த்ததும் இருமினார்கள். நடுவில் குடையோடு நசுங்கிக் கொண்டிருந்த ஒருவர், "கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்" என்றார்.

"எங்கய்யா தள்றது?" அப்பாவும் பண்ணையும் ஒரே குரலில். வேலைநிறுத்தம் தொடங்கியபின் இரண்டு தரப்பும் ஒத்துப்போன முதல் விஷயம்.

திருவாரூரில் குடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, இன்னிக்கு வரவேற்புரை கிடையாதா?"

முருகையன்! அன்று மாலைக்குள் இருந்த முகத்தை யார் பார்த்தது?

"உக்காரவே எடமில்ல சார், உரைக்கு ஏது எடம்?"

சிரித்தார். முறை ஆரம்பித்த நாளிலிருந்து அவர் கீழ்வேளூரில் ஏறி வந்துகொண்டிருந்தாராம். "வளையல்காரர் இளநீர் குடிச்ச அன்னைக்குச் சன்னல்ல நானும்தான் இருந்தேன். எனக்கு ஒண்ணு யாரும் தரலை. போன வாரம் ஆளக் காணோம். சரி, மூடிட வேண்டியதுதான்னு எழுதப் போனேன்." குடையால் கூட்டத்தைக் காட்டினார். "இத எப்படி எழுதறது?"

கூலி இன்று முடிவாகவில்லை. நாளையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் மறுபடி ரயிலில்! சண்டையை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

19 பிப்ரவரி

கூலி முடிந்தது. கேட்டது முழுதும் இல்லை, ஆனால் கூடியிருக்கிறது. வயலில் அரிவாள் சத்தம்.

3 மார்ச், வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. பூவத்தடி நிறுத்தம் தொடரும்! கூரை பற்றி ஆலோசிக்கப்படுமாம். இன்னொரு மாலை வண்டி பற்றி மூச்சில்லை. மனு வளையல் பெட்டியில் அல்லவா இருக்கிறது?

12 ஏப்ரல்

பரீட்சை முடிந்தது. கணக்கு என்னைப் பழிவாங்கியிருக்கலாம். மற்றதெல்லாம் ஜோர்.

19 ஜூன், திங்கள்

கூரைக்கு நாலு கால் நட்டுவிட்டார்கள். மேலே இன்னும் ஆகாயம்தான். மழையில் நனைந்துகொண்டே லியாகத் பாய், "பாதி வந்துடுச்சும்மா" என்றார்.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு திருவாரூர் வந்தார். கல்லூரியில் பெயர் பதிந்ததும் நேரே ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், சீசன் டிக்கெட் ஜன்னலில் நின்றார்.

"எத்தனை மாசத்துக்குப் பெரியவரே?" என்றார் உள்ளே இருந்தவர்.

"பியூசி ஒண்ணு, அப்பறம் பி.ஏ. மூணு" என்று அப்பா விரலை மடக்கினார். "நாலு வருசத்துக்குக் குடுங்க."