தூண்டிலுக்குப் போன மண்புழு

மஸூதாவுக்கு,

கப்பல் வந்துவிட்டது. கடைச் சரக்கு எடுக்கச் சாத்தம் துறைமுகத்துக்குப் போகிறேன்.

டப்பாவில் மண்புழுவைப் பார்த்ததும் தூண்டிலுக்கு என்று நினைத்து விடியலில் படகு ஜெட்டிக்கு எடுத்துப் போய்விட்டேன். டாக்டர் நுழைவுப் பரீட்சைக்காக நீ அறுத்துப் பார்க்க வைத்திருந்தது என்று நான் என்னத்தைக் கண்டேன்? “புழு உடம்புக்குள்ள குழி இருக்கு அத்தா, அதத்தான் பாக்கணும்” என்று அழுதுவிட்டுச் சாப்பிடாமலே காலேஜுக்குப் போய்விட்டாய். சோறு மூடியிருக்கிறது, முதலில் சாப்பிடு.

பிடித்த மீன் சட்டியில் முழுசாக இருக்கிறது. அம்மா அரிவாள்மணையோடு வந்தாள், நான் விடவில்லை. மீனுக்கும் அந்தக் குழி உண்டாமே, நீயே அறுத்துப் பார்.

அத்தா

பி.கு: வாழையடியில் தோண்டி டப்பாவில் புதுப்புழு போட்டிருக்கிறேன்.

இன்னொன்று: மீன் இரைப்பையைப் பார்த்து அறு. உன் பழைய புழு அதற்குள்ளேதான் இருக்கும்.