வாய்க்கால்கட்டில் பதினொரு அப்பாக்கள்

புரட்டாதி 8, திங்கள்

சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. ஸ்கூட்டியில் போனால் கண் முழுக்க மண்.

செய்ய வேண்டியவை: படிவம் முப்பது பிரதி. சோக்பெட்டி இரண்டு. ஸ்கூட்டியின் பின் சில்லுக்குக் காற்று. அம்மாவுக்கு ஃபோன் கோல். (கோல் மட்டும் எடுக்கவில்லை.)

சனிக்கிழமை கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நாங்கள் நடத்தும் மாலை வகுப்பு நிலையத்துக்கு உதவி கொடுப்பவர்கள். அடுத்த வருடமும் நடத்துவதா, மார்கழியோடு மூடுவதா என்று பார்த்துவிட்டுச் சொல்வார்களாம். அதற்குள் இருபத்தைந்து பிள்ளைகளின் படிவங்களையும் புதுப்பிக்க வேண்டும் என்று மலர் அக்கா சொல்லிவிட்டார். அவர்தான் எங்கள் இணைப்பாளர். அவர் "வேணும்" என்றால் வேணும்தான்.

பிள்ளைகளின் ஊர் முரசுமோட்டையிலிருந்து உள்ளே நாலு கிலோமீற்றர். மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள். மற்றவர்களின் வயலில் கூலி. இன்று ஐந்து வீடு. ஒவ்வொரு படலைக்கு முன்னும் ஸ்கூட்டியை நிறுத்தி முதல் வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதம். இன்னும் அப்படித்தான்.

தர்சிகா வீடு. பதினாலு வயது. போன வருடம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வெங்காயம் பிடுங்கப் போனவள். நிலையம் தொடங்கிச் சைக்கிளும் கொடுத்த பிறகு திரும்பப் போகிறாள். கணக்கில் கெட்டிக்காரி. நான் வாயைத் திறக்க முதல் அவளுடைய அம்மா, இராணி அக்கா, ஃபைலோடு வந்துவிட்டார். பிறப்புப் பதிவு, குடும்பப் படம், கணவர் பிரிந்து போய்விட்டார் என்று கிராம அலுவலர் கொடுத்த கடிதம். எல்லாம் பொலித்தீனில், ஒழுங்காக.

"எத்தினை பிரதி வேணும் பிள்ளை? மூண்டு கைவசம் இருக்கு."

'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்ற பெட்டியில் சரி போட்டேன். அந்தப் பெட்டியைத் தை மாதம் படிவத்தில் சேர்த்தது நான்தான். முன்னுரிமை அவர்களுக்கு. நல்ல யோசனை என்று எல்லாரும் சொன்னார்கள்.

கூரை வளையில் சவர அலகு செருகியிருந்தது. கொடியில் ஆம்பிளைச் சாரம். யாருடையது என்று கேட்கக் கூச்சம். கேட்கவில்லை. தேத்தண்ணீர் குடித்தேன். சீனி கூடிவிட்டது.

புரட்டாதி 10, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மண்டபத்துக்குக் கதிரை இறக்க அலுவலக வான் முன்னாலே போய்விட்டது. நான் பின்னால் ஸ்கூட்டியில். சிறுபோக நெல்லை றோட்டு முழுக்கக் காயப் போட்டிருந்தார்கள். நெல்லுக்கு மேலே ஓட மனமில்லாமல் வாய்க்கால்கட்டால் திரும்பினேன். இதுவரை அந்தப் பாதையால் போனதில்லை.

பெரிய மருதமரம். கீழே ஆம்பிளைகள், வட்டமாக. நடுவில் சீட்டு. முந்நூற்றிநாலு விளையாடுகிறார்கள். பக்கத்தில் சைக்கிள்கள், ஒரு போத்தல் தண்ணீர், ஒரு பை பணிஸ்.

ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "வான் போயிட்டுதோ பிள்ளை?"

"எந்த வான்?"

"வெள்ளை வான்தான். படிவம் நிரப்ப வாறது."

இன்னொருவர் கையிலிருந்த சீட்டைக் கீழே வைக்காமலே, "டேய், இது அந்த மிஸ்ஸடா!" என்றார். எல்லாரும் எழும்பினார்கள். ஒருவர் ஓடப் பார்த்தார். எங்கே ஓடுவது? ஒரு பக்கம் வாய்க்கால், மற்றப் பக்கம் நான்.

பிறகு ஒரு வயதான ஆள் சிரித்தார். "மிஸ், பயப்பிடாதேங்கோ. நாங்கள் ஒருத்தரும் இஞ்சை இல்லை. எல்லாரும் பெண்சாதியை விட்டிட்டு ஓடின ஆக்கள். உங்கடை கொப்பியைத் திறந்து பாருங்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தலையில் ஏறவில்லை. பிறகு ஏறியது.

எண்ணினேன். பதினொரு பேர்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மெலிந்த ஆள், நீலச் சேர்ட்டு. சாரத்தை மடித்துக் கட்டியிருந்ததை இறக்கிவிட்டு, "தர்சிகா ஒழுங்கா படிக்குதுங்களா மிஸ்?" என்றார்.

அப்படியே ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். நெல்லுக்கு மேலே ஓடினேன். யாரோ ஏசினார்கள்.

புரட்டாதி 11, வியாழன்

வெயில். போர்டிங் வீட்டுக்கார அக்கா, "என்ன பிள்ளை முகம் வெளிறிக் கிடக்கு" என்றார். வெயில் என்றேன்.

சனிக்கிழமை தர்சிகா பேசுவதாக ஒழுங்கு. ஒத்திகைக்கு வந்தாள். மற்றப் பிள்ளைகள் போன பிறகு இருக்கச் சொன்னேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சோக்கட்டிகளை நிறம் நிறமாக அடுக்கினேன்.

அவளே தொடங்கினாள். "அப்பா சொன்னவர், நீங்கள் கண்டிட்டீங்களாம்."

வெட்கப்படவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது வேறொரு நிறுவனம் வந்து பள்ளிக்கூடப் பையும் சப்பாத்தும் கொடுத்ததாம். அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும். இவளுக்கு இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது. அடுத்த நிறுவனம் வந்தபோது அம்மா அப்பாவைப் பின்பக்கத்தால் அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு எல்லாரும் அப்படித்தான். வானின் சத்தம் கேட்டால் அப்பாக்கள் சைக்கிளை எடுப்பார்கள்.

"பள்ளிக்கூடத்திலயும் அப்பிடித்தான் மிஸ். அங்கையும் படிவம் நிரப்பினதெல்லே. கிளிநொச்சிச் சந்தைக்குப் போனால் அப்பா றோட்டின்ரை மற்றப் பக்கத்தால வருவார். ரீச்சர்மார் கண்டாலும்."

"உனக்கு அது..." என்று தொடங்கினேன்.

"பழகீட்டுது மிஸ்."

பழகிவிட்டதாம். பதினாலு வயதில்.

அப்பாவைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம், சைக்கிளைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் சொன்னால் போதும் என்றேன். சந்தோசமாகத் தலையாட்டினாள். முதல்நாள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனபோது மாடு குறுக்கே வந்து தான் விழுந்த கதையைச் சொல்லிக் காட்டினாள். நன்றாகச் சொல்கிறாள். இருவரும் சிரித்தோம்.

மலர் அக்காவிடம் சொல்ல வேண்டும். இரண்டு தரம் அறைக் கதவுவரை போனேன். அவர் வான்காரனோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

புரட்டாதி 13, சனி

எழுதாவிட்டால் நித்திரை வராது. எழுதினாலும் வராது போல.

கொழும்பிலிருந்து ஒரு ஐயாவும், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும். அவா நல்ல மனுசி, முழங்காலில் இருந்து பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கதைத்தா. மொழிபெயர்க்க நான். பயந்த மாதிரி இல்லை, வாய் வந்தது.

பதினொரு மணிபோலக் காற்று முறுகி, மண்டபத்தின் பக்கச் சுவரில்லாத பக்கம் கட்டியிருந்த தறப்பாள் கிழிந்து அடிக்கத் தொடங்கியது. பிடிக்க ஆம்பிளை ஒருவரும் இல்லை. எல்லாரும் மருதமரத்தடியில். வான்காரன் ஒற்றை ஆளாக மல்லுக்கட்டினார். எங்கிருந்தோ தர்சிகாவின் அப்பா ஓடிவந்தார். நீலச் சேர்ட்டு. கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். விட்டால் தறப்பாள் பறக்கும்.

தர்சிகா எழும்பினாள். மாடு, சைக்கிள், கணக்கு. எல்லாரும் சிரித்தார்கள். நானும் நிம்மதியாக மொழிபெயர்த்தேன். பிறகு அந்த வெள்ளைக்கார மனுசி அன்பாகத்தான் கேட்டா. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லும்படி.

நான் கேட்டேன். என் வாயால்.

தர்சிகா அம்மாவைப் பார்த்தாள். அதற்குப் பிறகு வந்தது அவளுடைய குரலே இல்லை. "எனது அப்பா எங்களை நிர்க்கதியாக விட்டுச் சென்றுவிட்டார். எனது அம்மா கூலிவேலை செய்து எங்களைக் காப்பாற்றுகிறார்." எழுத்துத் தமிழ். யாரோ எழுதிக் கொடுத்த வசனம். மூன்றாவது வசனத்தில் கண்ணீர், சொல்லிக்கொடுத்த இடத்தில் வந்தது. முன்வரிசையில் இராணி அக்காவின் உதடுகள் அவளோடு சேர்ந்து அசைந்தன.

நான் அப்பாவைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவர் சிரித்துக்கொண்டு நின்றார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, மகள் இத்தனை பேருக்கு முன்னால் பேசுகிறாள் என்ற சிரிப்பு. வாய் முழுக்கச் சிரிப்பு.

கொழும்பு ஐயாவும் அதைக் கண்டுவிட்டார். எல்லாரும் கண் துடைக்க ஒரு ஆள் சிரித்தால் தெரியும்தானே. அந்த ஆள் யார் என்று பிள்ளையிடம் கேட்கச் சொன்னார்.

அதையும் நானே கேட்டேன்.

தர்சிகா திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடிதான். "அவர் வேலைக்கு வாற ஆள்."

சிரிப்பு நின்றது. பிறகு அவரே, என்னைப் பார்த்து, மரியாதையாக: "ஆமாங்க. கூலிக்கு வாரவன்தாங்க."

அதை மொழிபெயர்த்தேன். ஒரு சொல் விடாமல்.

போகும்போது என் மொழிபெயர்ப்பு நன்றாக இருந்தது என்று கைகொடுத்தா அந்த மனுசி.

புரட்டாதி 14, ஞாயிறு

உடுப்புத் தோய்த்தேன். சோறு இறங்கவில்லை.

அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். அப்பா எடுத்தார். "சாப்ட்டியாம்மா?" தர்சிகாவின் அப்பாவுடைய அதே மலையகப் பேச்சு, அதே 'ங்க'தான் எங்கள் நெளுக்குளம் வீட்டிலும். கம்பஸில் படித்த காலத்தில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களுக்கு 'விவசாயம்' என்றேன், நாலு வருடமும். அப்பாவுக்குக் கால் ஏக்கர் கூட இல்லை. பட்டமளிப்புக்கு வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கோ என்றும் சொல்லவில்லை.

"சாப்பிட்டன் அப்பா" என்றேன்.

புரட்டாதி 15, திங்கள்

வாயால் சொல்ல முடியாது என்று தெரியும். அதனால் எழுதிக்கொண்டு போனேன். இரண்டு தாள். ஒன்று புதுப் படிவம், அந்தப் பெட்டி இல்லாமல். பள்ளிக்கூடத்தை விட்ட, விடப்போகிற எந்தப் பிள்ளையும் சேரலாம், அப்பா பற்றிய கேள்வியே இல்லை. மற்றது கொழும்புக்குக் கடிதம். சனிக்கிழமை நான் மொழிபெயர்த்தது உண்மை இல்லை, அவர் அந்தப் பிள்ளையின் அப்பா, மருதமரத்தடியில் பதினொரு அப்பாக்களைக் கண்டேன், பிழை என் படிவத்தில் என்று.

மலர் அக்கா கண்ணாடியைப் போட்டு இரண்டையும் வாசித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"உமக்கு இப்பதான் தெரிஞ்சதோ?"

தாள்களை மேசையில் வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"பதினொண்டுதானே கண்டனீர்? ரெண்டு பேர் அண்டைக்கு வேலைக்குப் போயிருப்பினம்."

"அக்கா, உங்களுக்குத் தெரியுமோ?"

"இஞ்சை ஆருக்குத் தெரியாது? கிராம அலுவலருக்குத் தெரியாதோ? பிள்ளையள் படிக்குதுகள். ஆருக்கு என்ன நட்டம், சொல்லும் பாப்பம்."

"தர்சிகாவுக்கு" என்றேன்.

அவர் கணினியை என் பக்கம் திருப்பினார். கொழும்பிலிருந்து காலையில் வந்திருந்தது. தர்சிகாவின் பேச்சு மனதைத் தொட்டதாம். அவளுடைய படமும் கதையும் தங்கள் புத்தகத்துக்கு வேண்டுமாம். அடுத்த வருடம் தந்தை கைவிட்ட பிள்ளைகளுக்கு மட்டுமாக இன்னும் இரண்டு ஊரில் நிலையம் திறக்க யோசனையாம்.

இன்னும் இரண்டு ஊர். இன்னும் எத்தனை மருதமரம்.

"இந்தக் கடிதம் போனால் மார்கழியோட இழுத்து மூடுவினம். இருபத்தைஞ்சு பிள்ளையளுக்கும் நீர்தான் பதில் சொல்ல வேணும். விளங்குதோ?"

ஓம் என்றேன். விளங்கியது. அதுதான் பயம். தர்சிகா திரும்ப வெங்காயம் பிடுங்கப் போவாள். போகலாம். ஆனால் புத்தகத்தில் படம் வந்தால் பிறகு அவளுக்கு அப்பாவே கிடையாது. அச்சில் ஏறிவிடும்.

மலர் அக்கா கடிதத்தைத் திரும்ப வாசித்தார். பிறகு பேனையை எடுத்து, கடிதத்தில் தர்சிகாவின் பெயர் இருந்த இடங்களை எல்லாம் வெட்டினார். "பிள்ளையின்ரை பேர் வேண்டாம். 'என் படிவத்தில்' எண்டு போட்டிருக்கிறீர். 'எங்கள் படிவத்தில்' எண்டு மாத்தும். நானும்தானே கையெழுத்து வைச்சனான்."

மாற்றினேன். இருவரும் கையெழுத்து. நாலரைக்கு அனுப்பியாயிற்று. அனுப்பிய பிறகு குசினிக்குள் போய் நின்று தண்ணீர் குடித்தேன். மூன்று கோப்பை.

புரட்டாதி 17, புதன்

காற்றில்லை. புழுக்கம். கொழும்பிலிருந்து பதில் இல்லை.

ஸ்கூட்டி பஞ்சர். ஒட்டுவித்துக்கொண்டு தர்சிகா வீட்டுக்குப் போகப் பின்னேரம் ஆகிவிட்டது. நான் வானில் வரவில்லை, வருவதாகச் சொல்லவும் இல்லை; அதனால் அப்பா வீட்டில்தான். என்னைக் கண்டதும் பழக்கத்தில் சைக்கிளில் கை வைத்தார். "இருங்கோ அண்ணை" என்றேன். கதிரையின் நுனியில் இருந்தார், நான் இருக்கிற மாதிரியே.

புதுப் படிவத்தைக் கொடுத்தேன். கடிதம் போன விசயமும் சொன்னேன். நிலையம் நிற்கக்கூடும் என்றும் சொன்னேன். மறைக்கவில்லை. இராணி அக்கா தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஃபைலைத் திறக்கவில்லை. ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

அப்பா கேட்டார். "அப்ப இனி வான் வந்தா நான் வீட்லயே இருக்கலாங்களா?"

"இருக்கலாம் அண்ணை."

"சும்மா இருக்கலாமா?"

"சும்மா ஏன் இருக்கிறியள், விறகைக் கொத்துங்கோவன்" என்றார் இராணி அக்கா. அப்பா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, நாலு நாளைக்குப் பிறகு.

தர்சிகா மட்டும் சிரிக்கவில்லை. வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப மிஸ், இனி ஆக்கள் வந்தால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

"உனக்கு விருப்பமானதைச் சொல்லு. அந்த மாட்டுக் கதையைச் சொல்லன்."

சைக்கிள் மணியை விரலால் தட்டினாள்.

"அதுக்கு அவை அழமாட்டினமே மிஸ்."