சிவப்பைப் பச்சையாக்கிய மச்சானுக்கு

மச்சான்,

ஒருவரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தேதான், நம்மூர்ச் சாமி கொளஞ்சியப்பர் மேல் ஆணையாக இந்தக் கதையைச் சொல்கிறேன். காலையில் ஜன்னலைத் திறந்தேன். பொம்மைச் சூளைப் புகை மூக்கில் ஏறியது. உடனே உன் நினைவு வந்தது. பாசத்தில் அல்ல, எரிச்சலில்.

ஜங்ஷன் ரோட்டு மாடியறையில் நாம் கம்ப்யூட்டர் வைத்திருந்த காலம். சூளைக்கு ஆணையிடத் தமிழிலேயே ஒரு குட்டி நிரல்மொழி செய்தேன். 'சூடேற்று', 'நிறுத்து', 'மெதுவாக ஆறவிடு', அவ்வளவுதான். அதைக் கேள்விப்பட்டு உலகத்துக் கணினி மேதைகளெல்லாம் ஆடு மேய்க்கப் போய்விட்டார்கள். அந்த மொழியைக் கணினி சரியாகப் பிரித்துப் படிக்கிறதா என்று சோதிக்க நீ ஒரு கருவி எழுதினாய். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும், மாதிரி நிரல்களைப் படிக்கவைத்து, நாம் எழுதிவைத்த விடைகளோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

பொம்மை செய்து விற்கும் லட்சுமியக்கா தன் சூளையை நம்மை நம்பி விட்டாள். உள்ளே கொலுப் பொம்மைகள், அவளுடைய ஒரு வருஷத்துச் சோறு. சூளை மூட்டுவதற்கு முந்தின நாள் சோதித்தோம். சிவப்பு. நிரலின் கடைசி வரியான 'மெதுவாக ஆறவிடு'வைக் கணினி படிக்காமலே விழுங்கியிருந்தது.

"ஒக்காருடா, சரி பண்ணிட்டு எந்திரிக்கலாம்."

"நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க மாமா. மங்கலம்பேட்டையில கல்யாண பிரியாணி ஆறிப்போவுது. அதுக்குள்ள முடிச்சிடறேன்."

திரும்பி வந்தால் திரை நாற்றங்கால்போலப் பச்சை. "எல்லாம் பாஸு மாமா!" உன் சட்டையில் செண்டு வாசம் வேறு.

பிறகுதான் தெரிந்தது, நீ திருத்தியது மொழியை அல்ல, விடையை. கணினி தப்பாக என்ன சொல்கிறதோ அதையே சரியான விடையாக எழுதிக்கொள்ளும் ஓர் ஆணையைக் கருவிக்குள் வைத்திருந்தாய். அதைத் தட்டிவிட்டுப் பிரியாணிக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

மறுநாள் சூளை உச்சச் சூட்டிலிருந்து சட்டென்று அணைந்தது. பிள்ளையார்கள் வெடித்த சத்தத்தில் கருவேப்பிலங்குறிச்சி மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. சூளை எழும்பி நல்லூர்வரை பறந்து திரும்பியது. தசாவதாரத்தில் மூன்று அவதாரம்தான் மிச்சம்.

"யாரு வேலைடா இது?" என்று அக்கா அலறினாள்.

நீ என்னைப் பார்த்தாய். "மொழி மாமாவோடதுக்கா. நான் சோதிச்சுதான் பாத்தேன்."

அதோடு அக்கா என்னிடம் பேசுவதை விட்டாள். உன் சாவுக்கு வந்தவள், மாலையைப் போட்டுவிட்டு என் காதுபடவே சொன்னாள்: "தங்கமான புள்ள. இந்தாளோட சேந்ததுதான் தப்பு." நீ கண்ணாடிப் பெட்டிக்குள் சொகுசாகக் கிடந்தாய். உன் மேல் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டலாமென்றால், செத்தவன் மேல் எந்தச் சாமி வழக்கு எடுக்கும்?

இன்றும் உன் கருவியைத்தான் ஓட்டுகிறேன், அந்த ஓர் ஆணையை மட்டும் அறுத்தெறிந்துவிட்டு. பச்சையை நம்புவதில்லை. வேண்டுமென்றே ஒரு வரியைக் கெடுத்து, சிவப்பு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் எழுகிறேன்.

பறந்த சூளை, ஓடிய மாடு, ஆடு மேய்த்த மேதைகள் எல்லாம் நான் அளந்தவை. ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அன்றைக்கு உன் கருவி முதலில் சிவப்பைக் காட்டி உள்ளதை உள்ளபடி சொன்னது. நீதான் சொல்லவில்லை.