கரவனை இழுக்க ஒரு வண்டி

பெப்ரவரி 3, திங்கள்

காலையிலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி ஒரு பெரிய லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டே பழைய கார் வாங்கி விற்கிற என் கார் சேலுக்கு முன்னால் ஊர்ந்து போனது. மேலே வெள்ளை நிறத்தில் ஒரு பெட்டி. உருள இரண்டு சில்லு, சின்ன ஜன்னல், ஜன்னலில் பூப்போட்ட திரை. கரவன். வெள்ளைக்காரர்கள் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போய், போன இடத்தில் படுத்துத் தூங்குகிற வீடு.

லொறியின் முன் சீட்டில் ரெஜினோல்ட், ஒரு காலத்தில் என்னோடு தொழில் செய்தவன். எலெக்‌ஷனில் வென்றவன் மாதிரி கையைத் தூக்கிக் காட்டினான்.

அவன் இடம் பெல்மதுளைச் சந்திக்கு மற்றப் பக்கம். இந்த ரோட்டில் வர அவனுக்கு வேலையே இல்லை. ஹோர்ன் எனக்காக அடித்தது.

பக்கத்துக் கடை றிப்தி, ஸ்பெயார் பார்ட்ஸ் விற்கிறவன், முழுக்கதையோடு வந்தான். சிங்கராஜாக் காட்டைப் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறானாம். இறக்குவானை தாண்டி, மலை ஏறி, சூரியகந்தவில் தேயிலை ஓரமாக ஒரு துண்டுக் காணியும் பேசி வைத்திருக்கிறானாம்.

"இழுக்க வண்டி?" என்று கேட்டேன்.

"அதான் இல்லக்கா. இனித்தான் பாக்கணுமாம்."

ரொம்ப நாளைக்குப் பிறகு இன்றைக்குச் சோறு ருசித்தது.

பெப்ரவரி 9, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் அவன் எனக்கு முன் வரிசை. பக்கத்தில் அவன் மனைவி மெரினா. அவள் மட்டும் திரும்பி, "சொகமா அக்கா?" என்று கேட்டாள். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவனுக்குப் போய் இப்படி ஒருத்தி.

எழுதி வைக்கிறேன், ஆத்திரம் ஆறிப் போகாமல் இருக்க. தெஹியோவிட்டயில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவள் நான். பழைய டயர் விற்று, த்ரீவீல் தரகு பார்த்து, பதினொரு வருசத்துக்கு முந்தி இந்த இடத்தைப் பிடித்தேன். நடுவில் நாலு வருசம் ரெஜினோல்ட் தொழிலில் என் பங்காளி. பிரிந்தபோது சண்டை இல்லை. சந்தோசமாகத்தான் போனான்.

போன வருசம் இரத்தினபுரியில் வெள்ளம் வடிந்த வாரம், ஒரு வாக்கியம் சொன்னான். "மெட்டில்டாக்காட கார் எல்லாம் தண்ணி குடிச்ச கார்."

என் இடம் மேட்டில். வெள்ளம் இந்தப் பக்கமே வரவில்லை. அதை யார் பார்த்தது? வருகிறவன் எல்லாம் சேறு இருக்கா என்று சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தான். கார்ப்பெட்டைத் தூக்கி, கருவாடு வாங்குகிறவன் மாதிரி மோந்து பார்த்தான். நாற்றம் இல்லை. ஆனாலும், "யோசிச்சிட்டு சொல்றோங்க்கா." போனால் போனதுதான்.

நேரில் கேட்டேன். "சும்மா பகிடிக்கு சொன்னேங்க்கா" என்றான்.

பகிடி! இருடா.

பெப்ரவரி 12, புதன்

கரவனின் பாரத்தை றிப்தி விசாரித்து வந்தான். வெறுமையாக எழுநூற்றைம்பது கிலோ. தண்ணீர், காஸ், கட்டில் மெத்தை, வெள்ளைக்காரன் மூட்டை எல்லாம் ஏற்றினால் ஆயிரத்தைத் தொடும்.

ஆயிரம் கிலோவைச் சமதரையில் எதுவும் இழுக்கும். இழுப்பதா பெரிது? நிறுத்த வேண்டும். இழுக்கிற வண்டி பின்னால் வருவதைவிட நல்ல பாரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் கரவன்தான் காரை ஓட்டும். கொக்கி சேஸிஸில் பூட்ட வேண்டும், பம்பரில் அல்ல. டீசல் வேண்டும். கையால் போடுகிற கியர் வேண்டும். சூரியகந்தவுக்கு ஏறுகிற புலுத்தொட்ட வளைவுகளில் பஸ்ஸே முனகிக்கொண்டு ஏறும்.

அப்படி ஒரு வண்டி இந்தப் பக்கத்தில் என்னிடம்தான் இருக்கிறது. மூலையில் நிற்கிற பழைய டீசல் டபள் கெப், முன்னால் இரண்டு வரிசை சீட், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தட்டு. கதவில் துரு, சீட்டில் தையல், பார்க்க லட்சணம் இல்லை. எஞ்சின் எருமை.

அதற்குப் பக்கத்தில் முத்து வெள்ளையில் ஒரு ஹைபிரிட். மினுக்கிக்கொண்டு நிற்கிறது. ஊருக்குள் ஓட அருமையான கார். ஆனால் எதையும் இழுக்கக் கூடாது என்று அதன் புத்தகத்திலேயே இருக்கிறது. ஏற்றத்தில் பாரம் கட்டினால் பெட்டரி இறங்கும், கியர் பெட்டி சூடாகும், வண்டி தானாகவே பலத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அவன் எதை விரும்புவான் என்று எனக்குத் தெரியும். நாலு வருசம் பக்கத்தில் இருந்தவன்.

பெப்ரவரி 20, வியாழன்

வந்தான்.

அவிசாவளை வரை தேடிவிட்டு, வேறு வழியில்லாமல் வந்தான். "என்னாங்க்கா, யாவாரம் எப்பிடி?" என்று கேட்டான். கேட்கிற வாயைப் பார்.

நான் திட்டம் போட்டு வைத்திருந்தேன். திட்டம் என்ன? உண்மையைச் சொல்வதுதான். றிப்தியையும், பிரேக் திருத்த வந்திருந்த மெக்கானிக் பாஸையும் கூப்பிட்டு நிறுத்திவிட்டுச் சொன்னேன்.

"தம்பி, கரவனுக்குன்னா இந்தக் கெப்ப எடு. ஹைபிரிட்ட எடுக்காத. அது இழுக்காது."

அவன் கெப்பைச் சுற்றி வந்தான். டயரை உதைத்தான். "இதக் கட்டிக்கிட்டு போனா வெள்ளக்காரன் ஏறுவானா? மரக்கறி லொறின்னு நெனச்சிருவான்."

"ஏறுவான். மலயும் ஏறும். ஹைபிரிட் புலுத்தொட்டயில நின்னுரும்."

"வித்துப் போகாதத என் தலயில கட்டப் பாக்குறீங்க."

"மூணாவது தடவயும் சொல்றேன். கெப்ப எடு."

சிரித்தான். என்னை நன்றாகத் தெரிந்தவனின் சிரிப்பு. "நான் ஒங்ககிட்ட தொழில் பழகினவன் அக்கா. நீங்க ஒண்ண வேணாங்கிறீங்கன்னா அதுலதான் விசயம் இருக்கு. அத வேற யாருக்கோ பேசி வச்சிருக்கீங்க."

ஹைபிரிட்டை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் போன பிறகு றிப்தி என்னையே பார்த்தான். "நீங்க உண்மையத்தானே சென்னீங்க?"

"உண்மையத்தான் சொன்னேன்."

"பொறகு ஏன் ஒங்க மூஞ்சி இப்படி ஈக்கிது?"

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் பூசி, மனம் திரும்பச் சொன்னார் ஃபாதர். ஈஸ்டருக்குப் பிறகு பார்க்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

கொக்கி பூட்டிவிட்டானாம். பம்பருக்கு அடியில் ஒரு தகட்டை வைத்து வெல்டிங்கில் ஒட்டியிருக்கிறார்கள். ஃபேஸ்புக்கில் படம். முத்து வெள்ளைக் கார், பின்னால் வெள்ளைக் கரவன், நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவன். அழகாகத்தான் இருக்கிறது. கல்யாணக் கேக் மாதிரி.

சனிக்கிழமை ஓட்டிப் பார்க்கப் போகிறானாம். புலுத்தொட்ட வழியாக.

நிற்கும். புகை வரும், நாலு பேர் சிரிப்பார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

மார்ச் 15, சனி

எங்கிருந்து தொடங்க?

பதினொரு மணிக்கு போன். ரெஜினோல்ட் இல்லை, மெரினா. "அக்கா, கெப்ப எடுத்துட்டு வாங்கக்கா. ரோட்ட மறிச்சிக்கிட்டு நிக்குது. பஸ் போக முடியல. அவரு ஒங்களுக்கு போன் பண்ண மாட்டேங்குறாரு. நான் கெஞ்சிக் கேக்குறேன்."

மெரினாவும் போயிருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை.

கெப்பை நான்தான் ஓட்டினேன். றிப்தி பக்கத்தில். காவத்தை தாண்டும்போது, "சிரிக்கிறீங்கக்கா" என்றான். இல்லையே என்றேன். "சிரிக்கிறீங்க."

மேலே, வளைவு ஒன்றில், கார் ஒரு பக்கம் பார்த்தது, கரவன் ஒரு பக்கம் பார்த்தது. கார் பலம் இழந்து நின்று, பின்னால் சரிய, கரவன் மடங்கிக் குறுக்கே போயிருக்கிறது. அதன் ஒரு சில்லு ரோட்டு ஓரத்தில். ஓரத்துக்கு அப்பால் ஒன்றும் இல்லை, பள்ளம். கீழே தேயிலைச் செடி எல்லாம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது.

மெரினாதான் குதித்து இறங்கிச் சில்லுக்குப் பின்னால் கல் தள்ளியிருக்கிறாள். அவன் பிரேக்கை மிதித்துக்கொண்டு சீட்டிலேயே. அவள் இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து இரத்தம். அப்போதும், "வந்துட்டீங்களா அக்கா" என்று சிரித்தாள்.

நான் கைகளைப் பார்க்கவில்லை. கொக்கியைப் பார்த்தேன்.

பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் ரோட்டில். பஸ் டிரைவர் ரெஜினோல்டிடம், இது யாரிடம் வாங்கின கார் என்று சிங்களத்தில் கேட்டான். அவன் என் முகத்துக்கு நேரே கையை நீட்டினான். "மே வத்துரே கிலுணு கார் எக்கக்." தண்ணீரில் முழுகின காராம். நான் விற்றேனாம்.

அவ்வளவு பேருக்கு முன்னாலே! நான் மூணு தடவ சொன்னேனே! றிப்தி சொன்னான், சொன்னாங்க, நான் சாட்சின்னு. எவன் கேட்டான்? கூட வந்தவன் அப்பிடித்தான் சொல்லுவான்னு ஒருத்தி சொல்றா. ஒரு கெழவன் காருக்குள்ள தலய விட்டு மோந்தே பாத்துட்டான். "ஆமா, நாத்தந்தான்"னு சொல்றான். கியர் பெட்டி கருகின நாத்தம்டா அது!

கரவனை என் கெப்பில் கட்டினேன். முதல் கியரில் மெதுவாகத் திருப்பி இறக்கிக் கொண்டுவந்து என் இடத்தில், ரோட்டைப் பார்க்க, நிறுத்திவிட்டேன். இரவுக்கு வைத்த சோறு அப்படியே கிடக்கிறது. கோபம்தான். வேறு என்ன?

மார்ச் 17, திங்கள்

ஊர் முழுக்க அதே பேச்சு. மெட்டில்டா விற்ற கார் மலையில் செத்துவிட்டது. அப்போ ரெஜினோல்ட் சொன்னது சரிதானே.

அவன் பொய்யை நானே நிரூபித்துக் கொடுத்திருக்கிறேன். என் காரை வைத்து, என் மூளையை வைத்து. முட்டாள். முட்டாள்.

மார்ச் 19, புதன்

அவன் ஆள் அனுப்பினான். கரவனைப் பிடித்து வைத்திருக்கிறேனாம், பொலிசுக்குப் போவானாம்.

நான் ஒன்றையும் பிடித்து வைக்கவில்லை. கொக்கி கழற்றித்தான் கிடக்கிறது. இழுத்துக்கொண்டு போக வண்டி இருந்தால் வந்து இழுத்துக்கொண்டு போகட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 22, சனி

யோசித்துப் பார்த்தேன். நான் நல்லவள் என்று நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். றிப்தி சொன்னாலும் நம்ப மாட்டார்கள். என் எதிரி சொன்னால்தான் நம்புவார்கள். எனக்கு வேண்டியது அவன் வாய்.

மார்ச் 27, வியாழன்

அவனே வந்தான். ஏப்ரலில் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், முதல் ஆட்கள். கெப்பை வாடகைக்குக் கேட்டான். முகம் கரவன் பக்கம், என் பக்கம் இல்லை.

தரேன் என்றேன். கருகின கார் நான் விற்றதுதான், கொண்டு வா, செய்து தருகிறேன், ஊருக்குள் ஓட்டு என்றேன். அவன் சந்தேகமாகப் பார்த்தான்.

"ஒரு நிபந்தன. கெப்ப நீதான் ஓட்டணும். நிப்பாட்டுற எடத்துல எல்லாம், டீக்கடையில, டீசல் அடிக்கிற ஷெட்டுல, ஆளுக கரவனப் பாக்க வருவாங்க. அப்ப சொல்லணும். அக்கா மூணு தடவ வேணாம்னு சொன்னாங்க, நான் கேக்கலன்னு. தண்ணிக் கத நான் கட்டுன கதன்னு."

"சொல்லலன்னா?"

"கரவன்ல கோழி வளப்பேன்."

அவன் போய்க் கரவனின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தான். பிறகு, "மெரினா ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தாளா?" என்றான். இல்லை என்றேன். "அவளும் இதத்தான் சொல்றா. போய் உண்மைய சொல்லுன்னு."

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் பயணம். கெப் முனகாமல் ஏறிவிட்டதாம். இறக்குவானை டீக்கடையில் அவன் சொன்னானா என்று பார்க்க றிப்தியை முன்கூட்டியே அனுப்பி வைத்திருந்தேன்.

சொன்னானாம். அதுவும் எப்படி! கெப்பை மரக்கறி லொறி என்றது, கறுப்புக் கண்ணாடி போட்டது, பிரேக்கை மிதித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டது, பெண்சாதி கல் பொறுக்கினது, வாங்கின காரைத் தண்ணிக் கார் என்று கூசாமல் சொன்னது. நடித்தே காட்டினானாம். கடையே விழுந்து விழுந்து சிரித்ததாம். தரகர் வாய். வெட்கப்பட்டுச் சாவான் என்று பார்த்தால், கைதட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

எனக்கு எரிச்சல். ஆனால் றிப்தி சொல்லும்போது நானும் சிரித்துவிட்டேன். கல் பொறுக்கினது வரும் வரை.

மே 2, வெள்ளி

இந்த வாரம் இரண்டு கார் போனது. வாங்கினவர்களில் ஒருவர் கேட்டார், "ரெஜினோல்ட் கதையில வர்ற அக்கா நீங்கதானா?"

மே 18, ஞாயிறு

பூசை முடிந்து அவன் கெப்பை எடுக்க வந்தான். நாளைக்கு ஒரு ஜெர்மன் சோடி. மெரினா வரவில்லை. கை ஆறிவிட்டதாம், வடு மட்டும் இருக்கிறதாம்.

சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றான்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னக்கி மூணு தடவ சொன்னீங்க. நான் நம்பணும்னா சொன்னீங்க?"

"நீ என்ன நெனைக்கிற?" என்றேன்.

"நம்பிறக் கூடாதுன்னு சொன்னீங்க."

நான் குனிந்து கெப்பின் கொக்கியை ஆட்டிப் பார்த்தேன்.

"இதயும் டீக்கடையில சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன். சொன்னாலும் எவன் நம்புவான்?" சிரிக்காமல்தான் சொன்னான்.

காஸ் சிலிண்டரைக் கரவனின் பின் மூலையில் வைத்திருந்தான். பாரம் பின்னால் விழுந்தால் இறக்கத்தில் வால் ஆடும், சில்லுக்கு மேலே நடுவில் வை என்றேன்.

திருப்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய், சிலிண்டரைத் தூக்கி நடுவுக்கு மாற்றினான்.