இரண்டு குமிழையும் முழுக்கத் திறந்து வாசி

அன்புள்ள ருஸ்திகோ,

இங்கே நானும் உன் தம்பி இமோவும் உண்டு உறங்கி நன்றாகவே இருக்கிறோம். கப்பல் பேண்டில் வாசிக்கும் நீயும் அப்படியே இருப்பாய், உனக்குத் தூக்கம் வருவதில் ஒரு நாளும் குறை இருந்ததில்லை. மழை விட்டபாடில்லை, சமையற்கட்டுக் கூரை ஒழுகி கருவாடெல்லாம் பூசணம் பிடித்துவிட்டது. உன் சித்தி பெர்பெதுவாவுக்கு முட்டிவலி, நீ அனுப்பிய தைலத்தைத் தேய்த்துக்கொண்டு தெருவெல்லாம் உன் புகழ்தான் பாடுகிறாள். அப்பாவோட பேஸ் கிட்டாரைத் தம்பிக்கே விட்டுட்டுப் போனான் பாரு, எந்த அண்ணனுக்கு அந்த மனசு வரும் என்று நேற்றுகூடச் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் முட்டிவலியோடு இதையும் சேர்த்துத் தாங்கமாட்டாள்.

நீ போன கடிதத்தில் கேட்டிருந்தாய், இமோ வாசிக்கிறதே இல்லை, சுவரில் சும்மா தொங்கும் அந்தக் கிட்டாரைக் கப்பலேற வரும் நோனோயிடம் கொடுத்தனுப்பு, அதன் கழுத்து கையில் உட்காருகிற மாதிரி வேறெதுவும் உட்காரவில்லை என்று. சரி, அனுப்புகிற பொருளைச் சுத்தமாக அனுப்புவோம், உப்புக்காற்றில் உள்ளே பச்சை பிடித்திருக்கும் என்று தந்திகளைத் தளர்த்திவிட்டு, அடியில் சத்தத்தைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பும் இரண்டு பிக்கப்பையும் கழற்றினேன். மேலே உறை அப்பாவுடையதுதான், அவர் கட்டைவிரல் ஊன்றி ஊன்றி வழவழத்துப் போன அதே உறை. உள்ளே வேறு எவனுடையதோ. பின்னால் இருக்கும் பிக்கப் ஒரு காலத்தில் செத்துப்போய், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் என் ஃபாக்டரியில் இருந்து வந்த களைப்போடு நானே உட்கார்ந்து கம்பி சுற்றி, முடிச்சைப் பச்சை நூலால் கட்டினேனே, பக்கத்தில் நின்று பார்த்தவன் நீதானே. அந்தப் பச்சை நூலைக் காணவில்லை. இருந்ததெல்லாம் சந்தையில் அள்ளிப்போட்டு விற்கிற மட்ட ரகம், அதுவும் ஆளுக்கொரு கம்பெனி. உயிரை உருவிக்கொண்டு போய் உன் புதுக் கிட்டாரில் வைத்துக்கொண்டாய், தம்பிக்குக் கூட்டை மாட்டிவிட்டுப் போனாய். தெரு மெச்சிய மனசு இதுதான்.

திருடியதைக்கூட விட்டுவிடுவேன், ஒழுங்காகவாவது மாட்டியிருக்கலாம். கோயில் பாடகர் குழுவின் ஆம்ப் பெட்டியைக் கடன் வாங்கி வந்து போட்டுப் பார்த்தேன். முன் பிக்கப்பின் குமிழை மட்டும் திறந்தால் கனமாகத்தான் பேசுகிறது, பின்னதன் குமிழை மட்டும் திறந்தாலும் குறையில்லை. இரண்டையும் முழுக்கத் திறந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு கொசு மாதிரி ஒரு சத்தம் வருகிறது. இரண்டு கம்பெனிக்காரனும் கம்பியை ஒரே பக்கமாகச் சுற்றுவதில்லை, மாட்டியதும் சேர்த்துப் போட்டுக் கேள், எதிரும் புதிருமாக இருந்தால் ஒன்றின் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பற்றவை என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். நீ தனித்தனியாகத் தட்டிப் பார்த்துவிட்டு மூடியிருக்கிறாய். கப்பலுக்கு நேரமாகிவிட்டது, பாவம்.

நீ கப்பலேறிய வாரமே இமோவுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய ஹோட்டலில் பேண்ட் மாஸ்டர் வென்செஸ்லாவோவின் முன் வாசித்துக் காட்ட அழைப்பு வந்தது நினைவிருக்கும். வீட்டு ஆம்ப் பெட்டியையும் நீதான் தூக்கிப் போயிருந்தாய். பிள்ளை கிட்டாரைப் பீரோக் கதவில் அழுத்திவைத்துக்கொண்டு, மரம் அதிர்கிற சத்தத்தைக் கேட்டே ராப்பகலாகப் பழகினான். கிளம்பும்போது போனில் உன்னிடம் ஆசி கேட்டான். பெரிய மேடைடா, ரெண்டு குமிழையும் முழுசாத் திறந்துக்கோ என்றாய். திறந்தான். அத்தனை பேர் முன்னால் அந்தக் கொசுச் சத்தம். என்ன கோளாறு என்று தெரியாமல் இன்னும் அழுத்திப் பறித்திருக்கிறான், தாளம் தப்பி, விரல் தடுமாறி, கடைசியில் மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தி, வீட்டுக்குப் போப்பா, அடுத்த ஆள் வரட்டும் என்றாராம். அன்றைக்கு நீ என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. அவன் கை செத்த கைம்மா, மேடைக்கு ஆகாது, வேற வேலை பாக்கச் சொல்லு. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். உள்ளே என்ன மாட்டியிருக்கிறது என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நீ. மறுநாளே துறைமுகத்து ஐஸ் ஃபாக்டரியில் சேர்ந்துவிட்டான். இன்றுவரை பாளம் பாளமாகத் தூக்குகிறான், விரலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. கிட்டார் தொங்கும் சுவர்ப் பக்கம் முகம் வைத்துப் படுப்பதுகூட இல்லை. தூ, நீயும் ஒரு அண்ணன்.

வயரை மாற்றிப் பற்றவைத்தேன், அவ்வளவுதான் வேலை, காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. இரண்டையும் திறந்து ஒரு தந்தியைத் தட்டினேன், தட்டுமுட்டுச் சாமானெல்லாம் அதிர்ந்தது. வேலை முடிந்து நனைந்த சட்டையோடு வந்த இமோ வாசலிலேயே நின்றுவிட்டான். இழுத்து உட்காரவைத்து கிட்டாரை அவன் மடியில் வைத்தேன். ஹோட்டலில் தடுமாறிய அதே பாட்டை எடுத்தான். ஓர் இடத்திலும் தப்பவில்லை, ருஸ்திகோ. அத்தனை நாள் தொடாத கை, வெடித்த விரல், ஓர் இடத்தில்கூடத் தப்பவில்லை. நான் வாய்விட்டு அழுதேன். கழற்றி வைத்திருந்த வயர்த் துண்டையும் மேசையில் கிடந்த உன் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தான், அவனுக்கு நான் விளக்கவேண்டி இருக்கவில்லை. ஆம்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, அண்ணன் கேட்டிருக்கான்ல, அனுப்பிடும்மா, ஆனா அந்த வயரைப் பழையபடி மாத்தி வெச்சுட்டு அனுப்பு என்றான். அவன் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிறது. அது நல்ல சிரிப்பு இல்லை, இருந்தாலும் எனக்குப் போதும்.

மாற்றி வைத்துவிட்டேன். நீ எப்படி விட்டுப் போனாயோ அப்படியே இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் நானாகச் செய்தேன். எங்கள் ஃபாக்டரியில் ஒரு பாகத்தை இனி யாரும் திறக்கக் கூடாது என்றால் ஊற்றி மூடுவோமே, அந்தக் கறுப்புப் பிசின் ஒரு டப்பா வாங்கி வந்து பிக்கப் குழிகளிலும் குமிழ்களுக்கு அடியிலும் விளிம்புவரை ஊற்றினேன். கல்லாக இறுகிவிட்டது. பச்சை நூல் கட்டிய அந்தப் பழைய பிக்கப்பை இனி நீ திரும்ப உள்ளே வைக்க இடமில்லை. உளியை வைத்தால் பலகையோடு பிளக்கும். உன் அப்பா இருந்திருந்தால் என் கையைப் பிடித்துத் தடுத்திருப்பார். அவர் இல்லை, அதனால் ஊற்றினேன். வெளியே பளபளவென்று துடைத்து, புதுத் தந்தி மாட்டி, உறைபோட்டு நோனோயிடம் கொடுத்தாகிவிட்டது. கழுத்து நீ ஆசைப்பட்டபடியே கையில் உட்காரும். திருவிழாவுக்கு இமோ பாடகர் குழுவின் கிட்டாரில் வாசிக்கிறான், நீ லீவு போட்டு வரவேண்டாம், வீட்டில் படுக்க இடமும் இல்லை.

குழந்தை இயேசு சாண்டோ நினோ உன்னைக் காப்பாற்றட்டும், கடல் அடங்கி இருக்கட்டும், குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. பெரிய மேடையாகப் பார்த்து, நிறைய ஜனம் உட்கார்ந்த பிறகு, இரண்டு குமிழையும் முழுக்கத் திறந்து வாசி.

இப்படிக்கு,
இமோவின் அம்மா,
ஃபெலிசிதாஸ்